அண்டை வீட்டுச் சிதிலமும் அதன் கிரயமும்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

வீடுகள் நான்கு வகைப்படும்: சொந்த வீடு, வாடகை வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு, வாடகைக்கு விட்டுவிட்டு உரிமையாளர் மறந்துபோன வீடு. முதல் மூன்றையும் சட்டமும் பொருளியலும் பங்கு போட்டுக்கொண்டன. நான்காவது வீடு கேட்பாரற்றுக் கிடக்கிறது, ஆய்வுலகிலும் அப்படியே. வசதி கருதி இக்கட்டுரை அதை 'மறதி வீடு' என்று அழைக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் காலியாகக் கிடந்தவை ஏறத்தாழ 2 கோடியே 46 லட்சம். மறதி வீடு இந்தக் கணக்கில் வராது. அதில் ஆள் இருக்கிறார், அல்லது போன மாதம் வரை இருந்தார், அல்லது அவருடைய கட்டிலாவது இருக்கிறது. அதே கணக்கெடுப்பு, குடியிருக்கும் வீடுகளின் நிலையை 'நன்று', 'வசிக்கத்தக்கது', 'சிதிலம்' என்று மூன்றாகப் பிரித்தது. 'பக்கத்து வீட்டுக்காரரால் வசிக்க முடியாதது' என்ற நான்காவது கட்டத்தைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆய்வுக் களம்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம் இந்த ஆய்வுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை இருக்கிறது. உருக்காலைக்கும் கம்பி ஆலைக்கும் வார்ப்படப் பட்டறைக்கும் வேலைக்கு வருகிறவர்களில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள் ஏராளம். ஷிப்டு முடிந்து வந்து படுக்க இடம் வேண்டும். எனவே வீட்டின் பின்பக்கம் நான்கு அறை இறக்கி 'லைன் வீடு' ஆக்குவது இங்கே குடிசைத் தொழில். அறைக்கு ஐந்தாறு பேர், அனைவருக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை.

பிள்ளைகளின் படிப்புக்காக உரிமையாளர் பெரம்பூருக்கோ அம்பத்தூருக்கோ போய்விடும் நாளில் மறதி வீடு பிறக்கிறது. சென்னை சென்ட்ரலில் இருந்து புறநகர் மின்ரயில் கும்மிடிப்பூண்டி வரை ஓடுகிறது. வந்து பார்த்துவிட்டுப் போக எட்டும் தூரம்தான். வராமலே இருப்பதற்கும் போதுமான தூரம். வாடகை ஜிபேயில் வந்துவிடும். கூரை ஒழுகுவது ஜிபேயில் தெரியாது.

கருதுகோள்

மறதி வீட்டில் மூன்று தரப்பினர் உண்டு. உரிமையாளருக்கு வாடகை. குடியிருப்பவருக்குக் கூரை, அதுவும் மழை இல்லாத நாள்களில். மீதி எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு: கொசு, எலி, வழியும் சாக்கடை, மதிலைத் தாண்டி வரும் கிளை, நள்ளிரவில் ஓடும் மோட்டார். ஆக, அந்த வீட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே அவருடைய அனுபோகத்தில்தான் இருக்கிறது. பத்திரம் மட்டும்தான் பாக்கி. கடன் வாங்கியாவது அவர் அதை வாங்குவதைச் சொத்துச் சேர்க்கை என்று வருமான வரித்துறை கருதலாம். இந்த ஆய்வு அதைத் தற்காப்பு என்று கருதுகிறது.

முன்னாய்வுகள்

1969இல் அமெரிக்க உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ இரண்டு பழைய கார்களைத் தெருவில் நிறுத்திவைத்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நின்ற காரில் பத்து நிமிடத்துக்குள்ளேயே கை வைத்தார்கள்; சீக்கிரமே வெறும் கூடுதான் மிஞ்சியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நின்றதை ஒரு வாரத்துக்கு மேலாகியும் யாரும் தொடவில்லை. பிறகு சிம்பார்டோவே சம்மட்டியால் முதல் அடி அடித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1982இல் அமெரிக்க அறிஞர்கள் வில்சன், கெல்லிங் இருவரும் இதை வைத்தே, சின்னச் சிதைவைச் சரிசெய்யாமல் விட்டால் பெரியது தொடரும் என்னும் 'உடைந்த ஜன்னல்' கோட்பாட்டை எழுதினார்கள். நம் வட்டாரத்தில் சம்மட்டி தேவைப்படுவதில்லை, ஒரு கேரிபேக் போதும். மறதி வீட்டின் காலி இடத்தில் இரவோடு இரவாக ஒரு குப்பைப் பை விழுந்தால், விடிவதற்குள் அதற்குத் துணை வந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருப்பது அந்தப் பைகளுக்குத் தெரியாது.

அடுத்தவர் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ். பேச்சுவார்த்தைக்குச் செலவே இல்லை என்றால், தொல்லை கொடுப்பவரும் தொல்லைப்படுபவரும் தங்களுக்குள் பேசி நல்ல முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று 1960இல் எழுதினார். 1991இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் மறதி வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. முதல் தடவை, "பாத்துட்டுச் சொல்றேன் சார்." இரண்டாவது தடவை, "தம்பிதான் பாத்துக்கறான், அவன்கிட்ட பேசுங்க." மூன்றாவது தடவை, தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத வீடுகள் அங்கே உண்டு. நம் வட்டாரத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை. சுவர் விழுந்த வீட்டுக்கும், "ஏரியா டெவலப் ஆகுதுங்க" என்றுதான் விலை சொல்வார்கள்.

திசைச் சிக்கல்

வாங்கலாம் என்று முடிவானதும் வீட்டுப் பெரியவர்கள் எழுப்பும் முதல் கேள்வி விலை பற்றியதல்ல, திசை பற்றியது. கிழக்கிலும் வடக்கிலும் உள்ள மனையைச் சேர்த்துக்கொள்ளலாம், தெற்கும் மேற்கும் ஆகாது என்பது வாஸ்து பார்ப்பவர்களின் பொதுக் கருத்து. இதன் கணித விளைவை இதுவரை யாரும் ஆராயவில்லை. ஒருவருக்குக் கிழக்கே இருக்கும் வீட்டுக்காரருக்கு அவர் மேற்கே இருக்கிறார். ஆகவே எந்த இரண்டு வீட்டை எடுத்தாலும் ஒருவர்தான் வாங்க முடியும், மற்றவர் விற்கத்தான் முடியும். இதே வேகத்தில் போனால் ஊரின் தென்மேற்கு மூலையில் இருப்பவர் ஊரையே வளைத்துவிடலாம். வடகிழக்கு மூலையில் இருப்பவர் ஒரே வீட்டோடு காலம் தள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலை கும்மிடிப்பூண்டி வட்டம்தான். ஆரம்பாக்கத்துக்கு வடக்கே போனால் தடா, அங்கே ஆந்திரப் பத்திரம்.

கிரயம்

பத்திரம் பார்க்கும் கட்டத்தில்தான் மறதி வீட்டின் முழு உருவமும் தெரியும். அதற்கு ஒரு உரிமையாளர் இருப்பது அபூர்வம். அப்பாவுக்குப் பூர்வீகமாக வந்த வீடு, அப்பா இல்லை, பிள்ளைகள் நால்வர், ஒருவர் துபாயில். விற்க வருகிற அண்ணன், தம்பிகளின் பெயரை எல்லாம் சொல்வார். கல்யாணமாகிப் போன தங்கையின் பெயர் வாரிசுச் சான்றிதழைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005இல் மத்திய அரசின் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தந்துவிட்டன. தங்கை கையெழுத்துப் போடாத கிரயம், பின்னாளில் தங்கையின் வக்கீல் கையெழுத்துப் போட்ட நோட்டீஸாகத் திரும்பி வரும்.

30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பவை. எளிதில் கண்ணுக்குப் படாதது போக்கியம். குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருப்பார். அதை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்திருப்பார்கள். பதிவு செய்யாத அந்தக் காகிதம் வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 109ஆம் பிரிவின்படி வீடு கைமாறினாலும் குடித்தனம் அப்படியே தொடரும். வாங்கியவர் சாவியோடு குடித்தனக்காரரையும் பெற்றுக்கொள்கிறார். ஆகவே அட்வான்ஸ் எவ்வளவு, யாரிடம் கொடுத்தது என்று அவரையே நேரில் கேட்பது நல்லது. முடிந்தால் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கலாம்.

அகழாய்வு

இந்த மாவட்டத்துக்கு அகழாய்வு புதிதல்ல. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பாப்பு குழுவினர் அங்கே தோண்டி, ஒருவகைக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கு மண்துகள்களின் ஒளிர்வை அளக்க வேண்டியிருந்தது. மறதி வீட்டின் பரணுக்குக் காலம் கணிக்கத் தேர்தல் அறிக்கைகளே போதும்.

மேலடுக்கில் ஓடாத மிக்ஸியும் இறக்கை ஒடிந்த டேபிள் ஃபேனும் கிடைத்தால் அது 2011க்குப் பிந்தைய காலம். விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே இதே மாவட்டத்துக் காக்களூரில்தான். அதற்குக் கீழே 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி கிடைத்தால் 2006 முதல் 2011 வரையிலான அடுக்கு. அதற்கும் கீழே திரி ஸ்டவ்வும் மண்ணெண்ணெய் கேனும் வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு காயலான் கடைக்காரரைக் கூப்பிடலாம்.

சுவரும் ஓர் ஆவணக் களரி. சுரண்டினால் வெள்ளை டிஸ்டம்பர், அதன் கீழே வெளிர்பச்சை, அதன் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. அடுப்பங்கரைக் கதவின் பின்பக்கம் கரித்துண்டால் எழுதிய தண்ணீர் கேன் கணக்கு: ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்து, கீழே இந்தியில் ஒரு பெயர், அதற்கும் கீழே ஒடியாவில் ஒன்று. நிலைவாசலில் பழைய மஞ்சள் பூச்சு, அதன் மேல் ஒரு இன்டர்நெட் கம்பெனி ஸ்டிக்கர். முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து நீளமாக ஓடும் கறை, வெள்ளம் போட்ட கோடு. 2015 மழையா, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலா என்று தெருவில் கேட்டால், இரண்டுக்கும் சாட்சி சொல்ல ஆள் இருப்பார்கள்.

உயிரினங்கள்

பூண்டி, சோழவரம், தேர்வாய் கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் கொண்ட மாவட்டம் இது. மறதி வீட்டிலும் நீர்த்தேக்கங்கள் உண்டு: மூடி உடைந்த சம்பு, மொட்டைமாடியில் பாதி நிறைந்த டிரம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாள் போதும். அதன் முட்டை காய்ந்த தொட்டியின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பல வருடங்களாகத் தன் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துவந்தும் கொசு குறையாததன் மர்மம் இங்கேதான் விலகும்.

மதில் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்று பறவை எச்சத்தில் வந்தது. மேலே கிள்ளினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுத்துவிட்டுச் சிமென்ட் பூச வேண்டும். பாம்பு என்றாலே நல்ல பாம்பு என்று தெரு முடிவு கட்டிவிடும். எலியைத் தேடி வரும் சாரைக்கு விஷமே கிடையாது. அடிக்காமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாம்.

ஆய்வாளர் சிரிப்பை ஒதுக்கிவைக்க வேண்டிய இடம் செப்டிக் டேங்க். பல வருடம் திறக்காத தொட்டியில் விஷவாயு இருக்கும். இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாகிறார்கள். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆய்வு முடிவுகள்

சுத்தம் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு அந்த வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி வரும். வங்கிக் கடன் இருக்கிறது. எனவே வாடகைக்கு விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது வீட்டு உரிமையாளர். ஒரே ஒரு வித்தியாசம், இந்த உரிமையாளரால் மறக்க முடியாது. மோட்டார் சத்தம் அவர் படுக்கையறைக்கே கேட்கும். மறதி வீட்டுக்கு இந்த ஆய்வு கண்ட ஒரே மருந்து, காது கேட்கும் தூரத்தில் உரிமையாளர்.

அவர் கவனத்துக்குச் சில. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. 10 மாத அட்வான்ஸ் என்பது பழக்கம்தான். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் வெள்ளையடிப்பதும் பைப் மாற்றுவதும் உரிமையாளர் வேலை. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, குளியல் தொட்டியைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவர் வேலை. லைன் வீட்டில் குளியல் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அத்தனை வருடம் மதிலோரம் நின்று சண்டை போட்டவர் பெரும்பாலும் வீட்டம்மாதான் என்பதால், பத்திரத்தை அவர் பெயரிலேயே எழுதுங்கள்.