முற்பகலா, பிற்பகலா?

ஏ1 தம்பி உங்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார். பிறந்த தேதி கேட்பார்.

“சார், டேட் ஆஃப் பர்த்?”

சொல்லிவிட்டீர்களா, போச்சு. கண்ணை ஒரு தடவை மேலே ஏற்றி இறக்குவார். “2034 மே 31, பிற்பகல்” என்பார். அன்றோடு உங்களுக்கு அறுபது முடிந்து ஓய்வு. இதற்கு நீங்கள் அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கும் அம்மாவுக்கும் ஒருநாள் இப்படித் தேதி குறித்துக் கொடுத்தார். அது தன் சாவுத் தேதி என்று எடுத்துக்கொண்ட அந்த அம்மா, பஸ் கிளம்பும்வரை தம்பியின் மூன்று தலைமுறையை இறக்கி ஏற்றினார். தம்பிக்குக் கோபமே வரவில்லை. “வயசுக்குச் சான்று இல்லைன்னு சொல்லுது அண்ணா, மெடிக்கல் போர்டுக்குத்தான் அனுப்பணும்” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

கம்பெனிகளில் ஹெச்.ஆர். என்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு பார்க்கிற வேலைதான் தம்பிக்கு. நீதிமன்றத்தில் அதற்கு நிர்வாகப் பிரிவு, ஏ1 சீட்டு என்று பெயர், டைக்குப் பதில் கோப்பு கட்டும் டேக். நீதிமன்றம் என்றதும் நீதிபதி, வக்கீல், டவாலி எல்லாம் உங்கள் நினைவுக்கு வருவார்கள். சிரஸ்தார் முதல் மசால்ஜி வரை இத்தனை பேருக்கும் விடுப்பு, இன்கிரிமென்ட், மாறுதல், ஓய்வூதியம் பார்க்கிற இளநிலை உதவியாளர் வரமாட்டார். எங்களுக்கு மட்டும் சம்பளம் வருகிறதோ இல்லையோ, அவர் முகம் வந்துவிடும்.

எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் திண்டிவனம், ஒரு பக்கம் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் விழுப்புரம். எங்கே இறங்கினாலும் ஒரு நீதிமன்றம் உண்டு, அதில் ஒரு ஏ1 சீட்டும் உண்டு. பஸ்ஸே ஏறாவிட்டாலும் உண்டு. நான் அப்படி ஒரு கட்டடத்தில் அமீனா. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஊகித்ததை எழுத்தில் மட்டும் தந்துவிடாதீர்கள், அதற்கு ஒரு கோப்பு எண் போட்டுவிடுவார்.

தம்பி மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். 2022-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் முண்டியடித்து 19,500 அடிப்படைச் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்தவரைக் கிண்டல் செய்யலாமா என்று மனசாட்சி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கழற்றி மாட்ட எஞ்சின் கிடைக்காத மூளை, எங்கள் பணிப்பதிவேடுகளைக் கழற்ற ஆரம்பித்தால் எப்படிச் சும்மா இருப்பது?

தேதிக்கே வருகிறேன். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூன் மாதத்தில் வரும். அம்மா பெற்ற நாள் வேறு. அது புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் என்கிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் பெற்ற நாள்தான் ஜூன் 1. நானும் அந்த ஹெட்மாஸ்டரின் பிள்ளைகளில் ஒருவன். இது தெரிந்த நாளிலிருந்து தம்பி என்னைத் துக்க வீட்டுக்கு வந்தவர் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார். ஏனென்றால் மாதத்தின் நடுவில் பிறந்தவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவார். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசியிலேயே கிளம்பிவிட வேண்டும். விதி அப்படி.

“ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா ஒரு மாசச் சம்பளம் அண்ணா.”

“ஹெட்மாஸ்டர் செத்து இருபது வருஷம் ஆச்சு தம்பி.”

“நீங்களாவது வேலையில சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள திருத்த மனு போட்டிருக்கலாம். ரூல் இருக்கு.”

இந்தப் பேச்சை மாதம் ஒருமுறை பேசுவோம். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக அதிர்ச்சி அடைவார். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் என் நஷ்டத் தொகையையும் திருத்திச் சொல்வார். எனக்குக் கிடைக்கவே போகாத ஒரு மாதச் சம்பளத்துக்கு இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஆள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

வேலையில் சேருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளில்தான் எங்களுக்கு ஆண்டு ஊதிய உயர்வு. எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்களோ அதன் முதல் தேதியில் ஒவ்வொரு வருஷமும் வரும். ஆக, மார்ச் 31-இல் சேர்ந்தவருக்கு ஜனவரியிலேயே வந்துவிடும். ஏப்ரல் 1-இல் சேர்ந்தவர் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். இது புரியாமல், மார்ச் 31 நவமி, மறுநாள் அது தாண்டி நல்ல நேரம் என்று ஒரு பெண் தட்டச்சர் ஏப்ரல் 1-இல் வந்து சேர்ந்தார். இனிப்பு டப்பாவோடு வந்தவரைத் தம்பி அழவைத்து அனுப்பினார். “பஞ்சாங்கம் பார்த்தீங்க, குவார்ட்டர் பார்க்கலையேம்மா!”

பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கலம் உண்டு. மச்சம், தழும்பு, இப்படி. மற்றவர்கள் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்கிறோம். தம்பிக்கு முகம் என்பது அந்தப் பதிவேட்டில் இல்லாத விவரம். சலூனில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை, “பின்கழுத்தில் காயத் தழும்பு, ஓய்வு பெற்ற பெஞ்ச் கிளர்க்தானே சார்?” என்று விசாரித்திருக்கிறார். அவரேதான். கத்தி வைத்திருந்த சலூன்காரர் கை நடுங்கி, புதிதாக இன்னொரு அங்க அடையாளம் சேர்ந்திருக்க வேண்டியது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அரசாணை அனுப்புவதையோ, டீக்கடையில் கூட்டல் சீட்டுக் கேட்பதையோ நான் இங்கே எடுக்கவில்லை. ஆனால் முற்பகல், பிற்பகலை விடமுடியாது. சேர்ந்த நாளோ, விடுவித்த நாளோ, மு.ப. அல்லது பி.ப. போடாமல் எங்களிடம் ஒரு தாளும் நகராது. அது தம்பியின் ரத்தத்தில் கலந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சேதி சொன்னேன். “ஐயய்யோ” என்றார், மனப்பூர்வமாகத்தான். அடுத்த மூச்சில் “முற்பகலா, பிற்பகலா?” என்றார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததற்கும் இதே கேள்விதான். அவர்கள் ஜாதகம் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்து நிமிஷம் வரை சொன்னார்கள். அவருக்கு நிமிஷம் தேவையில்லை.

கோட்டையைச் சொல்லாமல் செஞ்சிக்காரனைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. 2025 ஜூலை 11-இல் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் ஊர். ஊரே பூரித்துப்போனபோது தம்பி கேட்டது: “எந்தத் தேதியிலிருந்து எஃபெக்ட் அண்ணா? அரியர் உண்டா?”

மராட்டிய அரசர் ராஜாராமைப் பிடிக்க முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டு, 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தார் என்று சொன்னால், “ஏழெட்டு வருஷம் ஒரே ஸ்டேஷனா? மூணு வருஷத்துல பொது மாறுதல் வந்திருக்கணுமே, யாரைப் பிடிச்சார்?” என்பார்.

ஆனால் தேசிங்கு ராஜா விஷயத்தில் தம்பி சொன்னதை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. கூத்தில் தேசிங்கு வந்தால் நாங்கள் குதிரைக்கும் நண்பன் மகமத்கானுக்கும் அழுவோம். தம்பி வேறு இடத்தில் அழுகிறார். கோட்டையை நிர்வகித்த சரூப் சிங் 1714-இல் இறந்தார். மகன் தேசிங்கு புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த பர்மானை மகன் நீட்டினார். அது பழைய பாதுஷா போட்டது, இப்போதைய பாதுஷாவிடம் உறுதிசெய்து வா என்றார் நவாப். கட்டாத கப்பத்தின் பாக்கி வேறு. அந்த வருஷமே போர் மூண்டு, இருபத்துச் சொச்சம் வயதில் தேசிங்கு போய்விட்டார்.

“பச்சையா கருணை அடிப்படை நியமனம் அண்ணா. அப்பா பணியில இருக்கும்போது இறந்துட்டார், வாரிசு வந்து ஜாயின் பண்ணிட்டார். தொடர் ஆணை மட்டும் வாங்கல. குதிரையை லாயத்துல கட்டிட்டு, பழைய ஆர்டர் காப்பியோட ஒரு கவரிங் லெட்டர் வெச்சு டெல்லிக்கு அனுப்பியிருந்தா இன்னிக்குக் கூத்தே இல்ல.”

யோசித்துப் பாருங்கள், அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

இந்தத் தம்பிதான் இன்னொரு வேலையும் செய்தார். எங்கள் இரவுக் காவலர் பணியிலிருக்கும்போது இறந்துவிட்டார். அவர் மனைவி ஒரு துணிப்பையோடு வந்து வராந்தாவில் நின்றார். என்ன கேட்க வேண்டும் என்றே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பதிவேட்டைத் திறந்தால் வாரிசு நியமனத்தில் காவலரின் அம்மா பெயர் இருக்கிறது. அந்தப் பாட்டியும் இறந்து வெகுகாலம். தம்பி தன் தற்செயல் விடுப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வாரிசுச் சான்றுக்காகக் கூடவே அலைந்தார். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு, குடும்ப ஓய்வூதியத்துக்கு, விடுப்புச் சம்பளத்துக்கு என்று தனித்தனியாகப் படிவம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். மகன் வேலை கேட்டு மனுப்போட இறந்த தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் அவகாசம் என்பதால், கடைசித் தேதியை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, “இதை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க” என்றார். மாட்டியிருக்கிறார்கள், நானே பார்த்தேன். இறந்தவர் பிறந்த தேதியை அன்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும்.

சரி, செத்தவர்களுக்கு இவ்வளவு செய்கிறவர் உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன செய்கிறார்? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரே பதவியில் இருபது வருஷம் முடித்தால் சிறப்பு நிலை. எனக்கு முடிந்துவிட்டது. தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. நான் முன்பு இருந்த நீதிமன்றத்தில் எனது சில மாதப் பணி சரிபார்க்கப்படவில்லை என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் கேட்டுக் கடிதம், பதிலில் ஒரு கையெழுத்து விடுபட்டதால் இன்னொரு கடிதம், எல்லாம் உரிய வழியாக. அந்த நாட்களில் நான் வேலை பார்த்தேன் என்பதற்கு, நான் கதவில் ஒட்டிய நோட்டீசுகள் சாட்சி. நான் ஜப்தி செய்த வீட்டுக்காரர்கள்கூட வந்து சொல்வார்கள். பதிவேடு சொல்லவில்லை என்றால் தம்பிக்கு அது நடக்கவில்லை.

தம்பியை மட்டும் சொல்வதில் நியாயமில்லை என்பதும் தெரியும். ஏ2 சீட்டு காலி, அதையும் அவரே பார்க்கிறார். சம்பளப் பட்டியலுக்கான மென்பொருள் மாதக் கடைசியில் சுற்றிக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் திறக்கிறது என்று வீட்டிலிருந்து ஏற்றுகிறார். ஆனாலும் சொல்கிறேன். வாய்க்கால் தகராறு வழக்குப் போட்டவர்கூட அடுத்த வாய்தா என்றைக்கு என்று இன்று செல்போனில் பார்த்துக்கொள்கிறார். அந்த வாய்தாவுக்கு சம்மன் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு, என் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. வாய்தா கொடுத்தாலாவது ஒரு தேதி கிடைக்கும்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பார்க்க என்னையும் அழைத்துப்போனார். பெண் காப்பி கொண்டுவந்து வைத்தவுடன், எதிர்பார்த்தபடியே, பிறந்த தேதி கேட்டார். 1999 செப்டம்பர் 1 என்றது பெண். முகத்தைப் பார்த்த பதற்றமோ என்னமோ, “2059 செப்டம்பர் 30” என்றார் தம்பி. வேலைக்கே போகாத பெண்ணுக்கு ஓய்வு தேதி சொன்னால் தட்டோடு வெளியே அனுப்புவார்கள் என்று நான் செருப்பைத் தேடினேன். பெண்ணின் அப்பா கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி, “ஒண்ணாந் தேதி பொறந்த பொண்ணு மாப்ள. ஆகஸ்ட் 31” என்றார். தம்பி எழுந்து நின்றுவிட்டார். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை, தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. முன்னும் பின்னும் அரசு விடுமுறைகளை இணைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவரே அவருக்குக் குறிப்பு எழுதி, அதுவும் வந்துவிட்டது. நானும் போகிறேன். மொய்க் கவரில் 501 ரூபாயோடு என் சிறப்பு நிலைக் கடிதத்தின் மூன்றாவது நினைவூட்டலையும் மடித்து வைத்திருக்கிறேன், நகல் ஒன்று மாமனாருக்கும்.