நாற்காலிக்குப் பின்னால் நிற்போர்

சென்னைவாசி ஒருவர் தமக்குப் பிடித்த உணவகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அங்கே தாம் உண்டதைச் சொல்வதற்கு முன், அங்கே இடம் பிடிக்கத் தாம் பட்ட பாட்டைச் சொல்வார். குளிரூட்டப்பட்ட அறையில், மெத்தை இருக்கையில் அமர்ந்து, சீருடைப் பணியாளர் பணிவோடு பரிமாற நல்ல இட்லி உண்டவர் அதை எவரிடமும் பெரிதாகப் பேசுவதில்லை. மயிலாப்பூர்ச் சந்தொன்றில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, அடுத்தவர் முழங்கை விலாவில் இடிக்க, தீர்ந்துபோகும் தறுவாயில் இருந்த பொங்கலின் கடைசித் தட்டைப் பெற்றவரோ அச்செய்தியை அன்று மாலைக்குள் அலுவலகம் முழுவதும் அறியச் செய்கிறார். இந்நகரில் ஓர் உணவகத்தின் மீது மக்கள் கொள்ளும் பற்றும் அவ்வுணவகம் அவர்களுக்கு அளிக்கும் வசதியும் எதிர்விகிதத்தில் அமைந்தவை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இதை நிறுவுவதற்குப் பெயர்ப்பலகைகள் துணைபுரியமாட்டா. 'உயர்தர சைவ உணவகம்' என்னும் தொடர் நகரின் தெருதோறும் காணப்படுகிறது. தன்னை நடுத்தர சைவ உணவகம் என்று அறிவித்துக்கொண்ட நேர்மையான நிறுவனம் ஒன்றேனும் இதுவரை கண்ணில் பட்டதில்லை. எனவே வாசலில் நிற்போரின் கூட்டத்தையும், சர்வர் எனப்படும் பரிமாறுபவர் புதிதாக வருவோரிடம் காட்டும் அலட்சியத்தின் ஆழத்தையும் கொண்டே தரத்தை அளக்க வேண்டியிருக்கிறது. முதல் அழைப்பிலேயே திரும்பிப் பார்க்கும் சர்வர் பணிபுரியும் கடையில் சட்னி சுமாராகத்தான் இருக்கும் என்பது அனுபவசாலிகளின் கருத்து.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் உள்ள ராயர்ஸ் மெஸ் இவ்வகையில் முதலிடம் பெறத்தக்கது. மெஸ் என்பது, ஊரைவிட்டு வந்து தனியே தங்கியிருப்போர் வீட்டுச் சமையலை ஒத்த உணவை உண்பதற்காக எழுந்த சிறு உணவுக்கூடம். பின்னாளில், வீட்டில் நல்ல சமையல் உள்ளவர்களே அங்கு மிகுதியாகக் காணப்படலாயினர். உள்ளே இருப்போர் எழுந்தால்தான் வெளியே இருப்போர் நுழைய முடியும் என்னும் அளவுக்குக் குறுகிய அவ்விடத்தில் இட்லியும் பொங்கலும் வடையும் கெட்டிச் சட்னியுமே காலை வேளையின் சாரம். பட்டியல் நீளமாக இல்லாததால் தேர்வு செய்யும் துன்பம் உண்பவருக்கு இல்லை; தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டால் மறுப்பேதும் கூறாமல் தலையசைத்து ஏற்கும் பக்குவமும், வங்கியிலும் ரயில் நிலையத்திலும் சிறிய தாமதத்துக்கே சீறும் அதே மனிதர்களிடம் இங்கே இயல்பாக அமைந்துவிடுகிறது.

இடப்பிடிப்பு என்று பெயரிடத்தக்க கலை, இத்தகைய மெஸ்களைக் காட்டிலும் மதியச் சாப்பாட்டு வேளையின் நடுத்தர உணவகங்களில்தான் முழு வளர்ச்சி எய்தியிருக்கிறது. வாசலில் பெயர் எழுதிக்கொள்ளும் முறை இல்லாத இவ்விடங்களில், வருபவர் உண்டுகொண்டிருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். அக்கணம் முதல் அந்நாற்காலியின் அடுத்த உரிமை அவருடையது என்பது எழுதப்படாத சட்டம். தேர்வு எளிதன்று. இலையில் இருப்பவர் ரசத்தில் இருக்கிறாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்பதைத் தொலைவிலிருந்தே கணிக்க வேண்டும். மோருக்கு வந்தவர் பாயசம் கேட்கும் இயல்பினரா என்பதை முகத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டும். தனியாக உண்பவர் குடும்பத்தோடு உண்பவரைக் காட்டிலும் நம்பத்தக்கவர். குழந்தை உள்ள மேசையை அணுகுவது அறியாமை. உண்பவரோ, தம் பிடரியில் ஒருவரின் மூச்சு படுவதை உணர்ந்தபோதிலும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலர் அதனால் விரைந்து எழ, வேறு சிலர் தங்களுக்கும் இப்படித்தானே ஒருவர் செய்தார் என்று எண்ணி அப்பளத்தைச் சிறு சிறு துண்டுகளாக ஒடித்து உண்ணத் தொடங்குகின்றனர். காபி குடித்து முடித்தபின் நெய் ரோஸ்ட் ஒன்று கொண்டுவரச் சொல்பவரை மட்டும் இச்சமூகம் மன்னிப்பதில்லை. காபி என்பது புறப்படுவதற்கான உறுதிமொழி. அதை நம்பிப் பின்னால் நிற்பவர் மற்ற மேசைகளையெல்லாம் கைவிட்டு வந்திருக்கிறார்.

இக்கலையின் இன்னொரு நுட்பம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள ரத்னா கஃபேயில் வெளிப்படுகிறது. 1948இல் தொடங்கப்பட்ட இவ்வுணவகத்தை நிறுவிய குடும்பம் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சாம்பார் விஷயத்தில் சம்பந்தி வீட்டையே நம்பாத சென்னைவாசி, வடக்கிலிருந்து வந்தவர் கடைச் சாம்பாருக்காகத் தலைமுறை தலைமுறையாக வரிசையில் நிற்பது மானிடவியலார் கவனத்துக்குரியது. இங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளும் பொருளன்று. சாம்பார் மூழ்கடிக்கும் பொருள், இட்லி மூழ்கும் பொருள். பாத்திரத்தோடு மேசைகளுக்கிடையே நடமாடும் பணியாளர் தட்டு நிரம்ப ஊற்றிச் செல்ல, உண்பவர் முன் விடையற்ற கணக்கொன்று எழுகிறது: இட்லி முடியும்போது சாம்பார் எஞ்சுகிறது, எஞ்சிய சாம்பாரை வீணாக்குவது தகாது என்பதால் இன்னோர் இட்லி வரவழைக்கப்படுகிறது, அவ்விட்லி பாதியில் இருக்கும்போது சாம்பார் தீர்கிறது, பணியாளர் மீண்டும் தட்டை நிரப்புகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்த நிகழ்ச்சி அரிது. இத்தகையவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கத் துணிபவர் ஒன்று வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அல்லது அன்று விடுப்பு எடுத்தவராக இருக்க வேண்டும்.

மேற்கண்ட கோட்பாட்டுக்கு எதிரான சான்றாகக் கதீட்ரல் சாலையில் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தைச் சிலர் காட்டக்கூடும். தென் கன்னடத்திலிருந்து வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலையில் தொடங்கி உணவக முதலாளியாக உயர்ந்த கே. கிருஷ்ணராவ் 1962இல் அதனைத் தொடங்கினார். மர நிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினால், சன்னல் விளிம்பில் மாட்டப்படும் தட்டில் தோசையும் காபியும் வந்து சேரும். கார் இல்லாதோர் உள்ளே அமர்ந்து ஒரு காபியோடு அரை நாளைக் கழித்தாலும் எவரும் பின்னால் வந்து நின்றதில்லை. இவ்வளவு வசதி இருந்தும் நகரம் அதனை நேசித்ததே என்பது வாதம். ஆனால் அந்நேசம் முழு வேகம் கொண்டது 2008இல் அவ்வுணவகம் மூடப்பட்ட பின்னரே என்பதை நோக்க வேண்டும். அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டுவிட்டதால், இன்று அங்கே ஒரு தோசை பெறுவது எவ்வளவு நேரம் நின்றாலும் இயலாத காரியம். வசதிக்குறைவின் உச்சமான இந்நிலையில்தான் அதன் தோசை ஒப்பற்றதாகிவிட்டது. ஒருமுறையேனும் அங்கே சென்றிராதவர்களும் அதன் சுவையை நினைவுகூர்கின்றனர். கோட்பாடு இதனால் வலுப்பெறுகிறதே தவிர, குலையவில்லை.

அசைவத்துறையில் அண்ணா சாலைப் புகாரி உணவகம், 1951 முதல் இயங்கிவருவது, தன் சிக்கன் 65ஆல் நகரின் தர்க்கசாஸ்திரத்துக்குச் செய்த பணி பெரிது. பெயரிலுள்ள அறுபத்தைந்து எங்கிருந்து வந்தது என்பதே வாதம். அவ்வுணவகமோ 1965இல் அறிமுகமான உணவு என்றே கூறிவருகிறது. அறுபத்தைந்து மிளகாய் என்றும், அறுபத்தைந்து நாள் வளர்ந்த கோழி என்றும் பிற பள்ளியினர் வாதிடுகின்றனர். வாதம் நடக்கும் மேசையில் தட்டு காலியாவது எப்போதும் வாதத்தில் கலந்துகொள்ளாதவராலேயே என்பதைத் தவிர இதில் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நாற்காலியையே ஒழித்துவிட்ட கடைகளும் உண்டு. தட்டைக் கையில் ஏந்தியபடி நின்று உண்ணும் தள்ளுவண்டிக் கடைகளுக்கு மக்கள் 'கையேந்தி பவன்' என்று பெயர் சூட்டி, பெரும் பவன்களின் வரிசையில் அவற்றையும் சேர்த்திருக்கின்றனர். மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் உள்ள ஜன்னல் கடை இவ்வகையில் ஒரு படி மேலே சென்று, உண்பவரை உள்ளே விடுவதையே தவிர்த்துவிட்டது; வீட்டின் ஜன்னல் வழியே பஜ்ஜியும் போண்டாவும் வெளியே வர, பணம் உள்ளே செல்கிறது.

ஆனால் நின்று உண்பதன் உச்சம் வடசென்னையில், கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த இரண்டாவது கடற்கரைச் சாலையின் அத்தோ கடைகளில்தான் காணக்கிடைக்கிறது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் அங்கிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த உணவு இது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பது அத்தோ. உடன் வருவது வாழைத்தண்டு சேர்ந்த சூப்பும், பிளந்து உள்ளே வெங்காயமும் பூண்டெண்ணெயும் அடைத்த அவித்த முட்டையும். சுகாதாரத்தைப் பற்றிப் பிற இடங்களில் விரிவுரை ஆற்றுவோர், இங்கே கடைக்காரரின் கை பிசையும் வேகத்தை மட்டுமே கவனிப்பவர்களாக மாறிவிடுகின்றனர். நாற்காலி இல்லாததால் பின்னால் நிற்பதற்கும் வழியில்லை. வண்டியைச் சுற்றி அரைவட்டமாக நிற்கும் அனைவரும் அடுத்த தட்டு தமக்கே என்று முழுமையாக நம்புகின்றனர். அப்போது எங்கிருந்தோ வரும் வாடிக்கையாளர் ஒருவர், எவருடைய தோளையும் உரசாமல், "அண்ணே, நமக்கு ஒண்ணு, காரம் தூக்கலா" என்று மெல்லச் சொல்லி, அத்தட்டைப் பெற்றுக்கொண்டு ஓரமாகச் சென்றுவிடுகிறார். கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் எழுவதில்லை. விடாமல் வந்துகொண்டிருந்தால் இன்னும் சில மாதங்களில் தாமும் 'நமக்கு' என்று சொல்லும் நிலையை எட்டிவிடலாம் என்று கணக்கிட்டவாறு அனைவரும் அவரை மரியாதையோடு நோக்குகின்றனர்.