கன்னத்தாங்கி விசாரம்

மனிதன் தன் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் இடங்களுள் தலையணைக்கு முதன்மையும் உள்ளங்கைக்கு அடுத்த ஸ்தானமும் அளித்துவிட்டு ஓய்ந்துபோன பண்டிதர்கள், இலக்குச் சுடும் போட்டிக்காரருடைய றைபிளின் பிடங்கின்மேல் இரண்டு சிறு தூண்களில் ஏறியும் இறங்கியும் நிற்கிற கன்னத்தாங்கி என்னும் பலகையைக் குறித்து ஒரு வார்த்தையும் சொல்லாமற் போனதை நம் சாஸ்திர உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறையென்றே கருதுகிறேன். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் துரை 1895 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங் கைந்நூலிலும் கன்னத்துக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமோ துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறதேயன்றி அதில் ஒட்டும் கன்னத்துக்குக் கேட்பதில்லை. ஆகவே இந்தப் பாரம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து எழுதும் என் தலையில் விழுந்தது. துவக்கு என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் படலையைச் சாத்திக்கொள்வதற்கு இப்பிரதேசத்தாருக்குப் போதிய நியாயமுண்டாதலால், இவ்வாராய்ச்சி கடதாசி இலக்கைச் சுடுவோரின் முகத்தைப் பற்றியதேயன்றி வேறெதைப் பற்றியதுமன்று என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

விஷயத்தின் சொரூபம் இது. ஐம்பது மீற்றர் தூரத்து இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். அதை அடிக்க விரும்புகிறவனுடைய கண், பின்குறியின் சிறு துவாரத்துக்கு நேர் பின்னே, ஒவ்வொரு வெடிக்கும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். கண்ணை அங்கே நிறுத்துவது கழுத்தென்று பாமரர் நினைப்பர். உண்மையில் நிறுத்துவது கன்னம், கன்னத்தை நிறுத்துவது பலகை. முகங்கள் பலவாதலால் பலகையும் ஏறி இறங்கும்படி அமைந்தது. இதுவரை ஒரு விவாதமுமில்லை. ஆனால் அந்த றைபிளின் குழலைத் துடைக்க வேண்டிய நேரம் வந்ததும், கன்னத்துக்குச் செய்த உபகாரமெல்லாம் குழலுக்கு அபகாரமாக மாறிவிடுகிறது. குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் முன்வாயின் விளிம்பு. துடைக்கும் கம்பி உரசி அவ்விளிம்பு சற்றுத் தேய்ந்தாலும் குண்டு வழி தவறும். ஆகையால் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னோக்கிக் கழற்றியெடுத்து, கம்பியைப் பின்பக்கத்தாலேயே செலுத்த வேண்டும் என்பது அறிந்தோர் விதி. போல்ட் வெளிவரும் பாதையிலும் கம்பி உள்ளே போகும் பாதையிலும் குறுக்கே நிற்பது எதுவென்று பார்த்தால், உயர்த்தி வைத்த அதே பலகைதான்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம் என்றும் சுபக்கம் என்றும் வகுத்த முறையைப் பின்பற்றி, பிறர் மதங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். பலகையின் முன்பாகத்தில் ஒரு பள்ளம் வெட்டிவிட்டால் போல்ட் அதனூடே போய்விடும் என்பார் ஒரு சாரார். போல்ட் போகும், அதைவிட நீளமான கம்பியோ பள்ளத்துக்கு அப்பாலுள்ள மேட்டில் ஏறி வில்லாக வளைந்து, குழலின் உட்சுவரை உராயும். திருகாணியைத் தளர்த்திப் பலகையைத் தாழ்த்தித் துடைத்துவிட்டு மீண்டும் உயர்த்தலாமே என்பார் இன்னொரு சாரார். உயர்த்தலாம், ஆனால் எவ்வளவு உயர்த்துவது? தூணில் கோடு கீறி எண் பொறித்திருந்தாலும், நேற்றுக் கோட்டின்மேல் நின்ற பலகை இன்று கோட்டின்கீழ் நிற்கும். துப்புரவான குழலுடன் போட்டிக்குப் போனவன் தன் முகமே தனக்கு அந்நியமாகிவிட்டதென்று திகைப்பான். பலகையை அடியோடு கழற்றி மேசையில் வைப்பதும், தூணைச் சுற்றி ஒரு சிறு வளையத்தை இறுக்கி, திரும்பப் போடும்போது பலகை அவ்வளையத்தில் வந்து தானே நிற்கும்படி செய்வதுமே என் சித்தாந்தம். உயர்த்துவது எவருக்கும் கைவரும். விட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்குத்தான் வளையம் தேவைப்படுகிறது.

இதன் கஷ்டம் மூன்று நிலைப் போட்டியில் மும்மடங்காகிறது. முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடும் அந்தப் போட்டியில் 2024 ஓகஸ்ட் 1 ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற ஸ்வப்னில் குசாலே போன்றோருக்கு, நிலை மாறுந்தோறும் கழுத்து சாயும் விதமும் மாறும். பலகையும் கூடவே மாற வேண்டும். (அவர் கோலாப்பூர் மாவட்டத்தார். கோலாப்பூர் அரசரின் பெயர்கொண்ட கிண்ணத்துக்காக இங்கிலாந்தில் 1871 முதல் றைபிள் சுட்டுவருகிறார்கள் என்பது இங்கே சம்பந்தமற்றது. ஆயினும் ஆராய்ச்சிக் கட்டுரையில் சம்பந்தமற்றது ஒன்றாவது இருப்பது மரபு.) கடலூரில் பிறந்து 2019 இல் ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் சுடுவது பத்து மீற்றர் காற்றுத் துவக்கு, மருந்து எரியாத குழலில் கரியும் இல்லையாதலால் அவருக்கு இவ்விசாரத்திலிருந்து பெரும்பாலும் விலக்கு அளிக்கிறேன்.

பிரித்தானியர் காலத்துப் பட்டாளங்களின் லீ என்ஃபீல்ட் றைபிள் இச்சிக்கலுக்குள் அகப்படவே இல்லை. அதற்குக் கம்பியல்ல, கயிறு: ஒரு நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றைப் பின்பக்கத்தால் குழலுக்குள் இறக்கி, மறு நுனியில் ஃபிளனல் துண்டைக் கோத்து, முன்பக்கத்தால் இழுத்துவிடுவர். கயிற்றுக்கு எந்தப் பலகையும் தடையன்று. அக்கயிறும் ஓர் எண்ணெய்க் குப்பியும் பிடங்கின் அடியிலுள்ள சிறு கதவுக்குள் குடியிருந்தன.

நம் வன்னிக் காட்டு இடியன் துவக்கு இன்னும் ஒரு படி மேலே போய்ப் பிரச்சினையின் வேரையே அறுத்துவிட்டது. மருந்தும் தும்பும் சன்னமும் முன்வாயாலேயே இடித்து ஏற்றப்படுவதால் அதற்குப் பின்வாசலே கிடையாது. சுடுதண்ணீர் ஊற்றிக் கரியைக் கழுவுவதும் எண்ணெய்த் துணி செலுத்துவதும் முன்வாயால்தான். இரு பக்கமும் திறந்த புட்டுக்குழலைப் பின்னாலிருந்து தள்ளி வெறுமையாக்கும் நம் பெண்கள் இதைக் குறைபாடென்பர். முன்னொரு காலத்தில் பன்றிக்குக் காவலிருந்த நெடுங்கேணிப் பக்கத்து வெடிகாரர் ஒருவரிடம் இதுபற்றி விசாரித்தேன்.

“அப்பு, குழலை எந்தப் பக்கத்தாலை துடைக்கிறனீங்கள்?”

“பின்பக்கம் அடைச்சுக் கிடக்கு மோனை. முன்னாலைதான். வேறை வழி ஏது?”

“கன்னத்தை எங்கை வைக்கிறது?”

“அதிலை கன்னத்தை ஒட்டி வைச்சால் பல்லு மிஞ்சாது.”

1803 ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் கைப்பற்றியதாகச் சொல்லப்படும் பீரங்கிகளும் இதே வர்க்கத்தவை: முன்வாயால் ஊட்டி, முன்வாயால் துடைத்து, எவரும் முகத்தை அருகே கொண்டுபோகாதவை. இடியனைத் தத்துவ ரீதியில் நிறைவான கருவியென்று ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது மீற்றரில் 10.4 மில்லிமீற்றர் வட்டத்தை அது அடிக்குமா என்று அந்த வெடிகாரரிடம் கேட்டபோது, அவ்வளவு சின்னப் பன்றியை அடித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.