குசினிக்கு ஓர் அஞ்சல் நிலையம்

ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி, திருகோணமலையில் அமைத்த அஞ்சல் நிலையத்திலிருந்து கடல் கடந்த தேசங்களுக்கெல்லாம் பல்லாண்டு காலம் சிற்றலையில் சப்தம் அனுப்பிவந்த பெருமையுடைய இந்நகரில், விறாந்தைப் பாட்டைக் குசினிவரை கொண்டுசெல்ல மட்டும் வயர்ச் சுருளே மலிவான மார்க்கம் என்பது கிருகஸ்தர்களின் சித்தாந்தம்.

ஆனால், அறைக்கொன்றாக 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கைச் சமாந்தரமாக மாட்டினால் தடை 2 ஓமாகக் குறைந்து, ஆம்ப்ளிஃபையர் சங்கீதத்துக்குப் பதிலாகப் புகையை விநியோகிக்கக்கூடும். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அவ்விரு ஜோடிகளையும் சமாந்தரமாக இணைத்தாலோ பழைய 8 ஓமே நிலைபெறும்.

இத்தனை கணிதமும் பார்த்து, கதவிடுக்கில் நசுங்காமல் வயர் இழுத்து, அறைதோறும் நாதம் பரவச்செய்து கிருகஸ்தர் சாய்மனைக் கதிரையில் அமரும் வேளையில், திருவிழாவுக்குக் கட்டிய கூம்பு லவுட்ஸ்பீக்கரானது, அவரிடம் ஒரு முழ வயரும் கேளாமல், சகல அறைகளிலும் சமமாக, இலவசமாக, அதிகாலை முதலே அதே சேவையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.