நாயின்ர காதும் எங்கட வாய்க்காலும்

வா மோனை. நாயைத் தூக்கிக்கொண்டு நீ ஓடியாறதைப் பாத்து அக்கராயன் குளம்தான் உடைச்சுப்போட்டுதோ எண்டு நினைச்சன். காய்ச்சலோ? அத்தான் கனடாவில இருந்து அனுப்பின காதுத் தேமோமீற்றர் சொல்லிச்சுதோ? முதல் 97, பேந்து 102, பேந்து 99. அப்ப நாய்க்கு ஒண்டுமில்லை, அந்தச் சாமானுக்குத்தான் குளிசை குடுக்கவேணும்.

சரி, எத்தினை இருந்தால் சுகம்? 98.6ஓ? அது 1868இல வுண்டர்லிச் எண்ட ஜேர்மன் வைத்தியர், ஆயிரக்கணக்கான சனத்தின்ர கமக்கட்டுக்குள்ள கோலை வைச்சுப் பாத்து எழுதின கணக்கு. உன்ர நாயை ஆர் கேட்டது? நாய்க்குச் சுகமெண்டால் 101இல இருந்து 102.5 வரை. பூனையும் அதுக்குக் கிட்டத்தான். என்ர பசு 101.5இல நிண்டு வைக்கோல் சப்புது, நான் அழுதனானோ? உந்தச் சாமானை மாத்தி அமத்திப்போட்டு 38.8 எண்டு காட்ட, "ஐயோ குளிர்ந்துபோட்டுது" எண்டு கத்தாதை. அது செல்சியஸ், சுகமான கணக்கு.

அவசரத்தில பனடோலை எடுத்து நீட்டிப்போடாதை. பூனைக்கு அரைக் குளிசையே எமன். நாய்க்கும் நீயா குடுக்கக்கூடாது.

இனிக் காதுக்கு வா. நாயின்ர காதுத்துளை முதல் கீழ இறங்கி, பேந்து உள்ளுக்குத் திரும்பும். பள்ளிக்கூடத்தில எழுதின 'ட' ஞாபகமோ? அதுதான். செவிப்பறை கீழ்க்கோட்டின்ர கடைசியில கிடக்கு. அதில இருந்து வாற வெக்கையைத்தான் கருவி வாசிக்கும். நீ 'ட'வின்ர உச்சியில நிண்டு அமத்தினால் அது காதுச் சுவரை வாசிச்சுக் குறைச்சுச் சொல்லும். குளக்கட்டில நிண்டுகொண்டு "கடைசி வயலுக்குத் தண்ணி போட்டுது" எண்டு கையெழுத்து வைக்கிறவனும் நீயும் ஒண்டு. மனிசருக்குச் செய்ததின்ர மூக்குக் கட்டை, அந்த வளைவுக்குக் கிட்டவும் போகாது. நாய்க்கெண்டு செய்ததோ எண்டு பெட்டியை வாசி. பெட்டியை எறிஞ்சிட்டாய் எண்டு முகத்திலயே தெரியுது.

செய்யிறதெண்டால் இப்பிடிச் செய். காது மடலைப் பக்குவமாத் தூக்கி இழு, வளைவு கொஞ்சம் நிமிரும். கருவியின்ர மூக்கை மெதுவா உள்ளுக்கு விடு, மற்றப்பக்கத் தாடையைப் பாக்கிற மாதிரித் திருப்பு. தானாப் போற அளவுக்குத்தான். குறும்பியும் மயிரும் அடைச்சிருந்தால் கணக்குப் பிழைக்கும். காது சிவந்து நாறினால் அந்தக் காதை விடு, அது வைத்தியருக்குரிய காது. ஒரே காதிலயே திரும்பப் பார். காலமை இடது, பின்னேரம் வலது எண்டு பாத்துப்போட்டு நாயைக் குறை சொல்லாதை. கண்ணாடி முனையில ஊத்தை இருந்தாலும் பிழைதான். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள வெயிலில வெந்த கருவியை உடன எடுத்து வைக்காதை, நிழலில ஆறவிடு.

அதோட, நாய் சுகமா இருக்கிற ஒரு நாளில ரண்டு மூண்டு தரம் பாத்துக் கொப்பியில எழுதி வை. நெல்லுக்கு அளவுகோல் வேணுமெண்டால் முதல் கொத்துச் சரியோ எண்டு பாக்கிறேல்லையோ?

காதில ஐமிச்சமெண்டால் நாய் பொய் சொல்லாத இடம் ஒண்டு இருக்கு. வாலுக்குக் கீழ. மிருக வைத்தியர்மார் நம்பிறதும் அதைத்தான். சாதாரண இலக்கத் தேமோமீற்றர் போதும். நுனிக்குத் தேங்காயெண்ணெய் பூசி, ஒரு அங்குலம் உள்ள விட்டு, அது கூவுமட்டும் பிடி. பேந்து அதைக் குசினிப் பக்கம் கொண்டுபோகாதை, அவ்வளவுதான் கேக்கிறன். 104ஐத் தாண்டினால் என்னட்டை வராதை, நேரா வைத்தியரிட்டை ஓடு. காதுக்குப் பின்னாலயும் கால் விரலுக்கு இடையிலயும் உண்ணி கிடக்கோ எண்டும் பார், உண்ணிக் காய்ச்சல் எங்கட பக்கத்து நாயளுக்குப் புதிசில்லை.

இப்ப நாயை விடு, நிழலில படுக்கட்டும். மத்தியான வெயிலுக்கால தூக்கியந்தால் எந்த நாய்க்கும் இளைக்கும், சூடும் ஏறும். அரை மணித்தியாலம் போகட்டும். பிளேன்ரீ ஒண்டு குடி.

பேந்து பாப்பம். நான் வால் பக்கம் நிக்கிறன். நீ தலையைப் பிடி. கடிக்கிறதெண்டால் வளத்தவனைக் கடிக்கட்டும்.