ஓர் அண்டா வெந்நீருக்கு ஒரு மிஷின்

அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய சீர் எது என்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் குழப்பமே கிடையாது. பட்டு வேட்டி, மோதிரம், பெயர் வெட்டிய எவர்சில்வர் அண்டா. கடைக்காரரே வரிசையாக எடுத்து வைத்துவிடுவார். இப்போது அந்தப் பொறுப்பு குடும்ப வாட்ஸப் குழுவிடம் போய்விட்டது. சிங்கப்பூர் அண்ணன் ஒன்று சொல்ல, கோயம்புத்தூர்த் தங்கை வேறொன்று சொல்ல, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு மரம் அறுக்கிற மிஷின் வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. பவுன் விலையைக் கேட்ட பிறகு மோதிரப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பா வீட்டில் விறகுக்கு இப்போது இருக்கிற வேலை சொற்பம். கொல்லையில் வெந்நீர் அடுப்பு, பொங்கலன்று வாசல் அடுப்பு, ஊரிலிருந்து நாங்கள் கூட்டமாகப் போனால் கறிக்குழம்பு. வருஷத்தில் இரண்டொரு தடவை தோப்போரம் முறிந்து கிடக்கும் மாங்கிளையையும் வேப்பங்கிளையையும் துண்டு போட்டால் தீர்ந்தது.

அதே வீட்டில், நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில், விறகு இல்லாமல் எதுவும் நடக்காது. விடிகாலைக் காப்பியிலிருந்து ராத்திரி ரசம் வரைக்கும் விறகு. நெல் அவிக்க விறகு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட விறகு. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியாக வேண்டும். விறகு நனைந்துபோன வீட்டில் மாமியார் மருமகள் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் வீட்டில் இருந்த தளவாடம் ஒரு கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு வெட்டரிவாள். அடிமரம் பெரிதாக இருந்தால், ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கிற ரம்பத்தைப் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்குவார்கள். மற்றபடி எல்லாம் விறகு வெட்ட வருகிறவரின் கைப்பாடு. வந்ததும் அவர் கோடாலியைத் தொடமாட்டார். கட்டையைக் காலால் உருட்டி, கணு எந்தப் பக்கம், வெடிப்பு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வெடிப்பு ஓடுகிற வாகிலேயே முதல் வெட்டு. கோடாலி பாதி இறங்கி நின்றால் அதை அசைத்து எடுத்து, அந்த வாயில் ஆப்பைச் செருகி, கோடாலியின் பின்மண்டையால் ஒரே போடு. புளியங்கட்டை மட்டும் அவரையே உட்கார வைக்கும். முருங்கையைத் திரும்பியும் பார்க்கமாட்டார், எரியாது, புகையும். எந்த மரம் எப்படிப் பிளக்கும், எது எப்படி எரியும் என்பது அவருக்கு மனப்பாடம். பாணபத்திரருக்காகச் சொக்கநாதரே விறகுக்கட்டு சுமந்து வந்த திருவிளையாடலைக் கேட்டு எங்கள் வீட்டுத் திண்ணை உருகும். விறகு வெட்டியவருக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. அவருக்கு நீராகாரம் கொல்லையில்.

பிறகு கேஸ் வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. ஒரு தலைமுறைக்குள் அடுக்களையிலிருந்து தாழ்வாரத்துக்கும், தாழ்வாரத்திலிருந்து கொல்லைக்கும் விறகு தள்ளப்பட்டது. விறகு மலையாக வேண்டியிருந்தபோது ஒரு கோடாலி போதுமாக இருந்தது. ஓர் அண்டா வெந்நீர் என்று சுருங்கிய பிறகு எத்தனை சிசி எஞ்சின் வாங்கலாம் என்று விவாதிக்கிறோம்.

மிஷின் ஆசை சித்தப்பாவுக்கு வந்த நாளைச் சொல்ல முடியும். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் நிற்கிற தென்னையை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. பாதையை மறித்துக் கிடந்த மரங்களை வெளியூர் ஆட்கள் பெட்ரோல் வாளோடு வந்து துண்டு போட்டார்கள். கோடாலிக்கு அரை நாள் வாங்கும் அடிமரம் நிமிஷத்தில் இரண்டாவதைச் சித்தப்பா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்திருக்கிறார். சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன என்று அன்றைக்கே தோன்றியதாம்.

அண்ணனின் வாதம் இதிலிருந்துதான் தொடங்கியது. “வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்கு. 58 சிசி, 22 அங்குலம்.” இணையத்தில் இந்த அளவு மிஷின்கள் மலிவாகவே கிடைக்கின்றன. படத்தில் அதைப் பிடித்திருப்பவர் காட்டையே அழித்துவிடும் தோரணையில் நிற்பார். ஆனால் கணக்கு எளிது: அறுக்கப் போகிற கட்டையின் குறுக்களவைவிட வாளின் நீளம் இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். சித்தப்பாவின் கட்டை எதுவும் 10 அங்குலத்தைத் தாண்டாது. 14 அங்குல வாளே தாராளம். மிச்ச நீளமெல்லாம் கைக்குப் பாரம், ஆளுக்கு ஆபத்து.

பெட்ரோலா, மின்சாரமா என்பது அடுத்த சண்டை. இந்த மிஷின்களில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். லிட்டர் பெட்ரோலுக்கு இத்தனை மில்லி ஆயில் என்று கலந்து ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்றால் 20 மில்லி. தினமும் மரம் அறுப்பவருக்கு இது பழகிவிடும். வருஷத்தில் இரண்டு நாள் எடுப்பவருக்கோ, கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் நின்று, கார்புரேட்டரில் பிசினாகப் படியும். இப்போதைய பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும். அடுத்த பொங்கலுக்குக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்குமே தவிர, எஞ்சின் எழுந்திருக்காது. ஓடாமல் கிடப்பதாலேயே கெட்டுப்போகும் பொருளை, எப்போதாவது எடுப்பவருக்குக் கொடுப்பது சீர் அல்ல, செலவு.

தங்கை பேட்டரிக் கட்சி. சத்தம் இல்லை, புகை இல்லை, தூக்கக் கனமில்லை. கிளை கழிக்க உள்ளங்கை நீள வாளோடுகூட வருகிறது. ஆனால் கட்டை அறுக்கிற அளவுக்கு நல்ல பேட்டரி என்றால் அதன் விலையே மிஷின் விலை; தகரக் கொட்டகை வெயிலில் சும்மா கிடந்தால் அதற்கும் ஆயுள் குறையும். மிஞ்சியது, ஒயர் போட்டு ஓட்டும் மின்சார வாள். பெட்ரோல் வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், பொத்தானை விட்டால் நின்றுவிடும். பதினைந்து ஆம்பியர் பிளக்கும், தடித்த ஒயரும், ஒயர் எட்டுகிற தூரத்துக்குக் கட்டையை இழுத்து வர ஓர் ஆளும் இருந்தால் சரி. “மறுபடி ஒரு கஜா வந்து கரண்ட் போனா?” என்றார் அண்ணன். அன்றைக்கு வாடகைக்கு ஆள் வருவார், சித்தப்பாவின் சீர் காத்திருக்கும் என்று அவரைச் சமாதானப்படுத்தினோம்.

இடையில் தங்கை சரித்திரமும் சேகரித்தாள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் செய்த மின்சார வாள் 64 கிலோ. இரண்டு பேர் தூக்க வேண்டும். அதற்கும் வெகு முன்னால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பல்வைத்த சங்கிலியால் கையால் அறுக்கும் கருவியை உருவாக்கியவர்கள் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எய்ட்கனும் ஜெஃப்ரேயும். பிரசவம் சிக்கலானால் இடுப்பெலும்பை அறுக்க. இதைப் படித்துக் காட்டியபோது சித்தி சொன்னது: “நல்லவேளை, எனக்கு மருத்துவச்சிதான் வந்தா.”

மிஷினை விட அதன் பக்கவாத்தியங்கள் பெரிதாயின. கண்ணுக்கும் முகத்துக்கும் மறைப்பு வைத்த தொப்பி, காது மூடி, கையுறை, கனமான பூட்ஸ். காலுக்குத் தனிக் காப்பு உண்டு. பல் பட்டால் உள்ளிருக்கும் நூலிழைகள் பிய்ந்து வந்து சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்திவிடும். சித்தப்பாவின் வேலை உடுப்பு மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு, வெறுங்கால். மூன்றுமே மிஷினுக்கு ஆகாது. வாள் நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் மிஷின் ஆளை நோக்கித் துள்ளும், தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் ஏறி அறுக்கவே கூடாது, தனியாக அறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா, “அறுக்கலாமா, அதுவும் கூடாதா?” என்றார்.

அறுத்தார். பழகியதும் அவரும் மெக்கானிக் போலவே பேசத் தொடங்கினார். சீவல் சுருளாக விழுந்தால் பல் கூர், மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கக் காரணம் பெரும்பாலும் மரமில்லை, மண். ஒரு தடவை தரையில் உரசினால் போதும். அதனால் பெருக்கல் குறி மாதிரி கால்வைத்த தாங்கி அடித்து, கட்டையை அதன்மேல் கிடத்தினார். உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டவும் கற்றுக்கொண்டார். கோடாலிக்காம்பு குலத்துக்கு ஈனம் என்பார்கள். மரத்தை மரமே காட்டிக்கொடுக்கிற அந்த வருத்தமும் இந்த மிஷினில் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக்.

காலை இட்லிக்கும் காப்பிக்கும் இடையில் ஒரு மாமரத்துக் கிளை முழுதும் துண்டாகிவிட்டது. சித்தி வந்து பார்த்தார். ஒரே அளவில், உரல் உரலாக உருண்டைக் கட்டைகள்.

“அழகாத்தான் இருக்கு. இதை அடுப்புல எப்படி வைக்கிறது?”

மிஷின் குறுக்கே அறுக்கும். நெடுக்கே பிளக்காது, பிளக்கக் கோடாலிதான் வேண்டும். உருண்டையாகவே கிடந்தால் உள்ஈரம் காயாது, தீயும் பிடிக்காது. பரணில் கிடந்த பழைய கோடாலியின் காம்பைச் செல் தின்றிருந்தது. காம்பு போட்டுக் கொடுத்த கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதனால் சீரோடு சீராகப் புதுக் கோடாலி ஒன்றும் இணையத்தில் வாங்கினோம்.

சித்தப்பாவுக்கு அறுக்க முடிகிறது, கோடாலி ஓங்க இடுப்பு விடவில்லை. அன்று வெட்டியவரின் மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஊரில் வாடகைக்கு மரம் அறுக்கிறவர். இரண்டு பெட்ரோல் மிஷின் வைத்திருக்கிறார். வந்தவரைச் சித்தப்பா திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அவர் சித்தப்பாவின் மிஷினைத் தூக்கிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, கட்டைகளைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

“அறுக்கிறதுன்னா நானே வருவேங்க. பிளக்கிறதுக்கு இப்ப ஆள் இல்லை. யாராவது வந்தாலும் கூலி ரெண்டு மடங்கு கேப்பாங்க.”

அந்தக் கூலிக்கு ஒரு சிலிண்டர் வந்துவிடும் என்று சித்தி கணக்குச் சொன்னார். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

“சிலிண்டருக்குக் காசு குடுக்கணும். விறகு நம்ம தோப்புல சும்மாதானே கிடைக்குது.”