ஐந்தரை மணிப் பூச்சி

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. பாலக்காடு மாவட்டச் சித்தூரில் எட்டு கம்ப்யூட்டர் உள்ள சின்ன ஆபீஸ். எட்டில் எது படுத்தாலும், "சாரே, இங்க ஒண்ணு வரணும்" என்று கேஷியர் சேச்சியின் குரல் வரும்.

போன ஆடியில் எட்டும் சேர்ந்தே படுத்தன. காலையில் ஆன் செய்தால் நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கோயில் சுற்றுவதுபோல் சுற்றும். அப்டேட்டை முடிக்க முடியவில்லையாம், பழைய நிலைக்குத் திரும்புகிறதாம், அணைக்கக் கூடாதாம். பதினொரு மணிக்கு ஒருவழியாகத் திறக்கும். திறந்த கையோடு அதே அப்டேட்டை மறுபடி டவுன்லோட் செய்ய ஆரம்பிக்கும். இன்டர்நெட் தவழும்.

எங்களூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஆழியாறு போதும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். மூலத்தறை அணைக்கட்டில் திறந்துவிட்டாலும் தலைமடைக்காரன் பாய்ச்சியது போகத்தான் கடைமடைக்கு. எங்கள் மூலத்தறை, செக்ரட்டரி சார் அறையிலிருக்கும் ரவுட்டர். கடைமடை என் மேஜை. எட்டும் தனித்தனியாக ஒரே அப்டேட்டை உறிஞ்சினால் எனக்கு ஈரம்கூட மிஞ்சாது. ஒன்று டவுன்லோட் செய்து மற்றவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்க விண்டோஸ் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அதை ஆன் செய்தேன். வாய்க்கால் சரியானது. பயிர்தான் முளைக்கவில்லை.

டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். "ஓஃப் ஆக்கி ஓன் ஆக்கியோ சாரே?" என்றார். அதைத்தானே ஒரு வாரமாக அதுவே செய்துகொண்டிருக்கிறது! பிறகு அப்டேட் சர்வீஸை நிறுத்தி, 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டரைக் காலிசெய்து, மறுபடி முடுக்கச் சொன்னார். எட்டிலும் செய்தேன். ஒரு நாள் போனது. மறுநாள் காலை அதே புள்ளிகள், அதே பிரதட்சணம்.

"அப்டேட்டே வேண்டாம், நிறுத்திடுங்க" என்றார் செக்ரட்டரி சார். அவரிடம் சாட்சியும் இருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டில் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நான் 2017 மே மாதத்தை எடுத்துவிட்டேன். கோப்புகளைப் பூட்டி 300 டாலர் கேட்ட வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், எங்கோ லண்டனில் மட்டுமல்ல, நம் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலேயும் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச் 14-ஆம் தேதியே வந்தாயிற்று. ரயில்வே என்றதும் சார் அடங்கிவிட்டார்.

துப்பு கொடுத்தவர் வாட்ச்மேன் அண்ணன். டீக்கடையில் நிற்கும்போது சொன்னார்: "சார், நீங்க அல்லாரும் போனதுக்கப்புறம் உள்ள ஒரு பூச்சி கத்துதுங்க. கீ... கீ...ன்னு. பத்து நிமிசத்துல அடங்கிருதுங்க."

"எத்தனை மணிக்குண்ணா?"

"அஞ்சரைக்கு. நான் மெயினை அணைச்சதும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். கத்தியது யூ.பி.எஸ். நாங்கள் 'அப்டேட் செய்து அணை' என்பதைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவோம். பின்னாலேயே அண்ணன் மெயின் ஸ்விட்சை இறக்குவார். யூ.பி.எஸ். பத்து நிமிடம் அலறிவிட்டு உயிரை விடும். முப்பது சதவீதத்தில் அப்டேட்டும் கூடவே போகும். ஏன் அணைத்தீர்கள் என்றால், "செக்ரட்டரி சார் உத்தரவுங்க, கரண்ட் பில்லு" என்றார். ஃபைலைத் தேடினேன். அந்தச் சர்க்குலரின் கீழே, 'படித்தேன்' என்று முதலில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதாமாதம் இரண்டாம் செவ்வாயன்று அப்டேட் விடுகிறது. நமக்கு அது இரவு பத்தரை, பனிக்காலத்தில் பதினொன்றரை. ஆகவே இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் புதன் இரவு மட்டும் மெயினைத் தொடக் கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஸ்விட்சுக்கு மேலேயே ஒட்டினோம். வியாழன் காலை எட்டும் ஒன்பதே முக்காலுக்குத் திறந்தன.

உங்கள் ஆபீஸிலும் சாயங்காலம் பூச்சி கத்தினால், டெக்னீஷியனுக்கு முன்னால் வாட்ச்மேனைக் கேளுங்கள்.